அந்த டப்பாவில் துப்பியது நான்

மகன் தணிகாசலத்துக்கு அம்மா எழுதுவது.

முதலில் நல்ல சேதிகளை எழுதிவிடுகிறேன், கண்ணு. உன் பெரிய பெண் பவித்ரா இந்த வருஷமும் வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்று நீ போனில் சொன்ன அன்றைக்கே ரேஷன் கடை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன். இந்தி பேசுகிற ஊருக்குப் போய், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று, அவர்கள் பாஷையிலேயே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறாள். சின்னவன் கார்த்தி ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பை அவன் முழங்கால் உயரம் என்று மருமகள் சொன்னாள். நான் இடுப்பு உயரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் தங்கச்சி கஸ்தூரியின் மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். மாமனைப் போல இஞ்சின் படிப்புதான் வேண்டும் என்று ஒரே பிடிவாதமாம். அவன் தங்கச்சி கையெழுத்துக்குப் பரிசு வாங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலே நீ. நீயும் உன்னோடு இருக்கிறவர்களும் சேர்ந்து செய்த லாரி இஞ்சின் எல்லாப் பரீட்சையிலும் தேறி ரோட்டுக்கு வரப்போகிறது, கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லிக் கைதட்டினார்கள் என்று கேட்டபோது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் யார் என்றே தெரியாத ஒரு அம்மாவிடம், "எம்புள்ள செஞ்ச இஞ்சினு வருதும்மா, பொகையே இருக்காதாம்" என்று சொன்னேன். அந்த அம்மா பஸ்ஸைப் பார்ப்பதா என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் தலையை ஆட்டினாள்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அதற்குமேல் பெண்களைப் படிக்க வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நீங்கள் ஒவ்வொருவரும் ஏறுகிற ஒவ்வொரு படியும் நானே ஏறுகிற மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இதையெல்லாம் முதலில் எழுதியதற்குக் காரணம், இதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் நல்ல சேதி கிடையாது. உன் நைனா சாவில் நான் செய்த ஒரு காரியத்தை பதினைந்து வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன். அதற்கு நீ வேறொரு பெண்ணைக் குற்றவாளி ஆக்கினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். படித்த பிறகு நீ இந்த வீட்டு வாசலை மிதிக்காமல் போகலாம். அது தெரிந்துதான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படித்துக் கிழித்துப்போட எழுதவில்லை. உன் கம்பெனியில் காட்ட வேண்டும். அதனால் எழுத்துக் குண்டு குண்டாக இருந்தாலும் நிதானமாக, தெளிவாக எழுதுகிறேன்.

நீ அந்த லாரிக் கம்பெனியில் அப்ரண்டீஸாக இருந்த கடைசி வருஷம் அது. இஞ்சின் ஓட்டிப் பார்க்கிற இடத்தில் உன்னைப் போட்டிருந்தார்கள். பெரிய இரும்பு மேஜையில் இஞ்சினை மட்டும் கட்டிவைத்து, சக்கரமும் இல்லாமல் ரோடும் இல்லாமல், நாள் கணக்கில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்போம் என்று நீ சொல்லும்போது உன் நைனா வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அவர் உங்கள் கம்பெனியின் பழைய லாரியைத்தான் நெல் மண்டிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். "எங்கியும் போவாத வண்டிய ஓட்றதுக்கு இன்னாத்துக்குடா படிப்பு? நான் சும்மாவே மண்டி வாசல்ல லோடு ஏத்தற வரைக்கும் அப்டித்தான ஓட்டினுகீறேன்" என்று உன்னைக் கிண்டல் செய்வார். ஆனால் நீ அந்தப் பக்கம் போனதும், "இஞ்சினு சத்தத்த வெச்சே நோவு சொல்றான்மே இவன், என் ரத்தம்" என்பார் என்னிடம். உன் முகத்துக்கு எதிரில் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது நான் சொல்கிறேன், தெரிந்துகொள்.

அந்த வருஷம்தான் உன் கம்பெனி லாரி டிரைவர்களுக்கும் கிராமங்களுக்கும் டி.பி. பார்க்கிற வண்டியை அனுப்பியது. வெள்ளை வண்டி, பக்கவாட்டில் கம்பெனி அடையாளம், உள்ளே எக்ஸ்ரே மெஷின். எத்தனையோ ஊர் இருக்க, நம் ஊருக்கு அந்த வண்டி வந்தது உன்னால்தான். நீ போய்க் கேட்டாய், அவர்கள் அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, நீயே மைக்கைப் பிடித்து, "வாங்க வாங்க, ஊசி கீசி ஒண்ணும் கெடையாது, துப்பினா போதும்!" என்று கூப்பிட்டாய். உன் சித்தப்பா ஏழுமலை கூட்டத்தில் இருந்து, "துப்பறதுக்கா கம்பெனிக்காரன் வண்டி அனுப்பறான்? நாங்க சும்மாவே எல்லா செவுத்துலயும் துப்பினுதான் கீறோம்!" என்றான். ஊரே சிரித்தது. மைக்கில் உன் குரல் ஏரிக்கரை வரை கேட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஆனால் உன் நைனா அந்த வரிசையில் இல்லை. நீ கேட்டதற்கு, காஞ்சிபுரத்துக்கு அவசர லோடு என்று சொன்னேன். அவசர லோடு ஒன்றும் இல்லை. நான்தான் அவரைக் காலையிலேயே கிளப்பிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இரண்டு மாதமாக அவருக்கு இருமல். நெல் தூசி, டீசல் புகை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன். உடம்பு இளைத்திருந்தது. அந்தச் சமயத்தில் மண்டியில் சாக்கு தைக்கிற பெண் ஒருத்தி என்னிடம், "உம்புள்ளைக்கு பர்மனென்ட் ஆவற நேரம், ஜாக்ரதையா இரு. வூட்ல ஒருத்தருக்கு இந்த சீக்கு கீதுன்னு தெரிஞ்சா கம்பெனிக்குள்ளயே வுட மாட்டாங்களாம்" என்றாள். அவளுக்கு யார் சொன்னார்கள், அது நிஜமா என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீ சிரித்திருப்பாய். கேட்கவில்லை. நோய் பார்க்க வந்த வண்டி உன் கம்பெனி வண்டி, பெயர் எழுதுகிற நோட்டு உன் கம்பெனி நோட்டு, அதில் உன் நைனா பெயரும் அவர் சீக்கும் ஏறினால் உன் வேலை போய்விடும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் எஸ்தர் வந்தாள். உனக்கு அவளைத் தெரியும், ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில் சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. பிளஸ் டூ முடித்துவிட்டு அந்த வண்டிக்காகக் கிராமம் கிராமமாக டப்பா கொடுத்து, வாங்கி, பரிசோதனைக்கு எடுத்துப்போகிற வேலையில் இருந்தாள். காலனியிலேயே கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்த முதல் பெண் அவள்தான். "டிரைவரண்ணன் பேரு விட்டுப்போச்சிம்மா. காலைல எய்ந்ததும் வாய் கொப்புளிச்சிட்டு, நல்லா மூச்சு இஸ்து, நெஞ்சு ஆயத்துலருந்து இருமித் துப்பச் சொல்லுங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்" என்று உன் நைனா பெயர் எழுதி ஒட்டிய டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

விடிந்ததும் அவர் அவள் சொன்னபடியே செய்தார். கிணற்றடியில் நின்று இருமித் துப்பி, மூடியைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு லாரிக்குப் போனார். மூடியைத் திறந்து பார்த்தேன். சளியில் சிவப்பு நூல் ஒன்று ஓடியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நான் செய்தது இது. அந்தச் சளியைக் குழி தோண்டிப் புதைத்தேன். டப்பாவை வெந்நீரில் கழுவினேன், ஒட்டியிருந்த பெயர் நனையாமல் பார்த்துக் கழுவினேன். பிறகு நான் துப்பினேன். எனக்குச் சளி இல்லை, எச்சில்தான் வந்தது. மூடி, துடைத்து, வாசல்படியில் வைத்தேன். பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

எஸ்தர் வந்து டப்பாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். "யம்மா, இது சளி மாதிரி இல்லியே, வெறும் எச்சி மாதிரி கீது. இன்னொரு டப்பா தர்றேன், நாளைக்கு எடுக்கலாமா?" என்றாள். எவ்வளவு மரியாதையாகக் கேட்டாள் தெரியுமா. நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். "எங்க வூட்டு எச்சிக்கு நீ வந்து கொறை சொல்றியா? எம்புள்ள கொண்டாந்த வண்டில வேலை பாத்துகினு எனக்கே படிச்சி குடுக்கறியா? எட்துகினு போ" என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மறுநாள் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். மூன்றாவது முறை அவள் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே நான் கதவைச் சாத்தினேன். கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

நோய் இல்லை என்று சீட்டு வந்தது. உன் நைனா அதை மடித்துச் சட்டைப் பையில் லைசென்ஸோடு வைத்துக்கொண்டார். டீக்கடையில் மற்ற டிரைவர்கள் அவர் இருமலைப் பற்றிப் பேசினால் எடுத்துக் காட்டுவாராம். "கம்பெனி வண்டியே சொல்லிடுச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. இஞ்சினையே டெஸ்ட் பண்றவங்க, என்னப் பண்ண மாட்டாங்களா?" என்பாராம். அந்தச் சீட்டை அவர் நம்பினார், தணிகாசலம். நான் துப்பிய எச்சிலை நம்பிக்கொண்டு பத்து மாதம் நெல் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டினார். உனக்கு வேலை பர்மனென்ட் ஆயிற்று. ஊருக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தேன்.

இதற்குமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். டப்பாவில் துப்பியது பயத்தில் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியும். அடுத்து நடந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. பர்மனென்ட் ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டே உன் வேலையைப் பற்றிச் சொன்னாய். இஞ்சின் புகையை அளக்க ஒரு வெள்ளைக் காகிதத்தை வைப்பீர்களாம், புகை அதன் வழியாகப் போகுமாம், காகிதம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு கோளாறு இஞ்சினில் என்று அர்த்தமாம். உன்னோடு வேலை பார்த்த ஒருத்தன் தன் இஞ்சினின் கறுத்த காகிதத்தை எடுத்துவிட்டு, பக்கத்து இஞ்சினின் வெளுத்த காகிதத்தை வைத்துவிட்டான் என்று சொன்னாய்.

"கையோட புடிச்சிக் குடுத்துட்டேன் நைனா. அவனுக்கு சீக்கிரம் வேலைய முடிச்சி நல்ல பேரு வாங்கணும். அந்த இஞ்சினு அப்டியே ரோட்டுக்குப் போயிருந்தா?"

"பாவம்டா, புள்ளகுட்டிக்காரனா?"

"புள்ளகுட்டிக்காரன்தான். அதுக்காவ? இஞ்சினு பொய் சொல்லாது நைனா. காயிதத்த மாத்தற கைதான் பொய் சொல்லும்."

உன் நைனா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இஞ்சினுக்கும் சளி டெஸ்ட்டுதான்னு சொல்லு. என் காயிதம் வெளுப்புடா மவனே" என்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உனக்கு நினைவிருக்கலாம், நான் குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். மிளகாய் நெடி என்று சொன்னேன்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டும். உனக்கு வேலை உறுதியாகிவிட்டது, எந்தப் பயத்துக்கும் இடம் இல்லை. அவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை சாப்பிட்டால் தீருகிற நோய் என்று உன் வண்டி மைக்கிலேயே சொல்லியிருந்தது. அப்படி இருந்தும் சொல்லவில்லை. காரணம் உன் வேலை இல்லை. உன் கண்ணில் நானும் அந்தக் காகிதம் மாற்றினவனைப் போல ஆகிவிடுவேனே என்று. அவ்வளவுதான் காரணம். நாளைக்குச் சொல்லலாம், பொங்கல் போகட்டும் சொல்லலாம் என்று தள்ளினேன். நெல் அறுப்பு முடிந்த சமயம் சாலவாக்கம் ரோட்டில் லாரியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். வாயெல்லாம் ரத்தம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நுரையீரலும் போய்விட்டது, ஏன் இத்தனை நாள் கொண்டுவரவில்லை என்று கேட்டார்கள். நீ அந்தச் சீட்டை எடுத்து அவர்கள் மேஜையில் போட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு நாள் இருந்தார்.

காரியம் முடிவதற்குள் நீ எஸ்தர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாய். "ரெண்டு டப்பாவ மாத்தி வெச்சிட்டு எங்க நைனாவக் கொன்னுட்டியேடி!" என்று நீ கத்தியது எனக்கு இங்கே ஆள் வந்து சொல்லித் தெரிந்தது. உன் அழகான கையெழுத்தில் கம்பெனிக்கு மனு எழுதினாய். என்னிடம் படித்தும் காட்டினாய். "சரியா கீதாம்மா?" என்று கேட்டாய். நான் தலையை ஆட்டினேன். கம்பெனி ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அவள் கழுத்தில் இருந்த அட்டையை வாங்கிக்கொண்டு போனார்கள். கல்யாணம் பேசி வைத்திருந்த வீட்டார், டப்பா மாற்றி ஆளைக் கொன்றவள் என்று விலகிப் போனார்கள். இப்போது அவள் நாற்று நடப் போகிறாள், களை எடுக்கப் போகிறாள். நான் வரப்பில் வந்தால் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டாள்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். போன மாதம் உன் கம்பெனி வண்டி மறுபடியும் வரப்போவதாகப் பஞ்சாயத்தில் சொன்னார்கள். ஏழுமலைக்கு ஒன்றரை மாதமாக இருமல். அதே இருமல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உன் நைனா இருமுகிற மாதிரியே இருக்கிறது. வண்டி வந்தால் முதல் ஆளாகப் போ என்று சொன்னேன்.

"போ அண்ணி. எங்கண்ணனுக்கு ஒண்ணும் இல்லன்னு சீட்டு எய்திக் குடுத்த வண்டிதானே அது? உம்புள்ளயே சொல்லிட்டுப் போனான், அந்த வண்டிய நம்பாதீங்கோன்னு. கம்பெனில வேல செய்றவனே சொல்றான், அதுக்கு மேல இன்னா? நம்ம தெருல ஒருத்தன் போவ மாட்டான்."

நிஜம்தான். நீ துக்கத்தில் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையை நம் தெரு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து வருஷத்தில் நம் தெருவில் இருந்து ஒருவரும் எந்த ஆஸ்பத்திரியிலும் சளி கொடுக்கவில்லை. ஏழுமலை பேசிக்கொண்டே துண்டில் துப்பினான். நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். அங்கேயே, அவன் பெண்டாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முறம் நின்றுவிட்டது. ஏழுமலை துண்டை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டான். பிறகு, "அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டான். தெரியாது என்றேன். எழுந்து போய்விட்டான்.

வண்டிக்குக் காத்திருக்காமல் மறுநாளே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்திருக்கிறான். நோய் இருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஆரம்பத்திலேயே வந்ததால் தீர்ந்துவிடும் என்று சொன்னார்களாம். அவன் என் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. பெண்டாட்டியிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினான். "அண்ணனுக்கும் இதே மாத்திரதான் குடுத்திருப்பாங்களாம், சொல்லு" என்றானாம். அவளும் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னால் ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை.

எஸ்தரிடமும் போனேன். நாற்று நடவு முடிந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல ஆரம்பித்ததுமே கையமர்த்தினாள்.

"எனக்குத் தெரியும்மா. எச்சிக்கும் சளிக்கும் வித்யாசம் தெரியாமயா அந்த வேலைல இருந்தேன்?"

"தெரிஞ்சிகினா சொல்லாம இருந்த?"

"யாரு கேட்டாங்க? உங்க புள்ள வாசல்ல நின்னு கத்தினாரு, கேக்கல. கம்பெனிலருந்து வந்தவங்க, டப்பா மாறிப்போச்சான்னு கேட்டாங்க, மாறலன்னேன். அப்போ எப்டி இப்டி ஆச்சின்னாங்க. ஆம்பளயப் பறிகொடுத்த பொம்பள மேல கைய நீட்டிச் சொல்லச் சொல்றீங்களா? சொன்னா நம்பியிருப்பாங்களா? காலனிக்காரி, தப்பு பண்ணிட்டுத் தப்பிக்கப் பாக்கறான்னு சொல்லியிருப்பாங்க."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். சேறாக இருக்கிறது என்று இழுத்துக்கொண்டாள். சேற்றுக்காக இழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "மன்னிச்சிடுன்னு சொல்ல வந்தீங்கன்னா, எனக்கு அது வேணாம்மா. வாயால சொன்னது வரப்போட போயிடும். என்னப் பத்தி எய்துனது காயிதத்துல கீது. நீங்களும் காயிதத்துல எய்துங்க" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் கடிதம். இதை இரண்டாக எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று அவளுக்கு. என் கையெழுத்து கீழே இருக்கிறது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மா சொல்கிறேன் என்று கேட்க வேண்டாம், அந்த உரிமையை நான் இழந்துவிட்டேன். நியாயம் என்று பட்டால் கேள். இந்தக் கடிதத்தை உன் கம்பெனியில் அந்த வைத்திய வண்டியைப் பார்த்துக்கொள்கிற அதிகாரியிடம் கொடு. நீ எழுதிய மனு தப்பு என்று உன் கையாலேயே எழுதிக் கொடு. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது, பதினைந்து வருஷம் ஓடிவிட்டது. அவள் பெயரில் இருக்கிற கறையாவது போக வேண்டும். கடிதம் கொடுத்தால் உன் மதிப்புக் குறையும், இப்போதுதான் கைதட்டு வாங்கியிருக்கிறாய், கொஞ்ச நாள் போகட்டும் என்று மனசு சொல்லும். எனக்கும் அப்படித்தான் சொன்னது. அந்தப் பேச்சைக் கேட்டவள் கதி என்ன ஆயிற்று என்பதைத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அடுத்தது, வண்டி வருகிற அன்றைக்கு நம் தெருவில் இருக்கிற யாரிடமாவது போனில் பேசு. நீ வேண்டாம் என்று சொல்லித்தான் அவர்கள் போகவில்லை, நீ சொன்னால்தான் போவார்கள். நான் சொன்னால் இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. உன் கையின் கீழ் இப்போது எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். யார்மேலாவது குறை எழுதும் முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேள். எஸ்தரை நீ ஒரு தடவை கேட்டுவிட்டு என்னிடம் வந்திருந்தால் அன்றைக்கே என் முகத்தைப் பார்த்து உனக்குப் புரிந்திருக்கும். உன்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. பெரும்பழி என்னுடையது. ஆனால் கத்துகிற குணம் உனக்கு என்னிடம் இருந்து வந்தது, அதனால் சொல்கிறேன்.

உங்கள் ஒவ்வொருவரின் பெருமையையும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன் என்று முன்னே எழுதினேன் அல்லவா. உன் நைனாவைக் கொன்றது அந்தப் பெருமைதான், கிருமி அப்புறம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. என் பிள்ளை கம்பெனி ஆள், என் வீட்டில் நோய் இருக்கக் கூடாது, என் வீட்டு ஆளைக் காலனிப் பெண் ஒருத்தி குறை சொல்லக் கூடாது. இப்படி எத்தனை கூடாது. அவர் பாட்டுக்கு வரிசையில் நின்று துப்பிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கு நீ செய்த புது இஞ்சின் லாரியில் ஏறி உட்கார்ந்து, சத்தம் சரியில்லை என்று உன்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார்.

பொங்கலுக்குக் குழந்தைகளோடு வருவதாகச் சொல்லியிருந்தாய். வரச்சொல்லி எழுத எனக்கு வாய் இல்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை. நீ மருமகளிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். குழந்தைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம். பெரியவர்கள் ஆன பிறகு நீயே சொல், மாற்றாமல் சொல். கோபம் ஆறாமல் நீ போன் பண்ணாமல் இருந்தால் நான் பக்கத்து வீட்டு போன் அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அது என் பாடு.

ஒரே ஒன்று கேட்கிறேன். என்னிடம் இருக்கிற உங்கள் போட்டோ நீ வடக்கே போகிற அன்றைக்கு ஸ்டேஷனில் எடுத்தது. அதில் கார்த்தி இடுப்பில் இருக்கிறான், பவித்ராவுக்கு முன் பல் இல்லை. உன் தலையில் ஒரு நரைகூட இல்லை. அந்த முகங்கள் இப்போது உங்களில் யாருக்கும் இருக்காது. நால்வரும் சேர்ந்து நின்று ஒரு புது போட்டோ எடுத்துத் தபாலில் போடு. கடிதம் எழுத வேண்டாம், உள்ளே போட்டோ மட்டும் இருந்தால் போதும். உன்னைச் சிரிக்கச் சொல்ல மாட்டேன். என்மேல் இருக்கிற கோபத்தோடேயே நின்று எடுத்துக்கொள், அந்த முகத்தையும் நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா